மாத்திரை ஒழிப்பு மாபெரும் தொடக்க விழா

உலக மருத்துவ வரலாற்றையே திருத்தி எழுதப்போகும் அறிவிப்பு ஒன்று, தென்காசிப் பேருந்து நிலையச் சுவரில், மூலம்–பவுத்திரம் விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. 'மாத்திரையை ஒழிப்போம்! மனச்சிதைவை அருவியால் வெல்வோம்! ஞாயிறு காலை குற்றாலத்தில்!' அதன்கீழ் நலவாழ்வு நடையாளர் மன்றத் தலைவர் நாறும்பூநாதன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். குணமாகப் போகிற இசக்கிராஜாவின் படமும் இருந்தது, தபால்தலை அளவில்.

இசக்கிராஜா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். மூன்று வருஷத்துக்கு முன் காதுக்குள் யாரோ அதட்டுகிறார்கள் என்று தக்காளி லாரியின் மேல் ஏறி, ஒரு பகல் முழுக்க இறங்காமல் இருந்தான். மாத்திரை அந்தக் குரலை அடக்கியது. பதிலுக்கு ஒரு பசியைக் கொடுத்தது. எட்டு புரோட்டா தின்றபிறகும் பக்கத்து இலையைப் பார்க்கிற பசி. அறுபது கிலோ ஆள் தொண்ணூறைத் தாண்டினான். சட்டைப் பித்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன.

"ஏலே, மாத்திரைய மட்டும் திங்கியா, டப்பாவோட திங்கியா?" என்று மார்க்கெட்டே சிரித்தது. கேலி பொறுக்காமல் மாத்திரையை விட்டுவிடுவதாக அவன் சொன்னபோது, அவன் மனைவி மஞ்சுவுக்கு அந்த லாரிதான் ஞாபகம் வந்தது.

நாறும்பூநாதனுக்கோ பொன்னாடைதான் ஞாபகம் வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே மருத்துவம் தெரியும். "ஆயிரம் மூலிகை வேரக் கழுவிட்டு வார தண்ணிலே அது. எண்ணெயத் தேச்சுட்டு நின்னா கொழுப்பு வழுக்கிட்டு ஓடிரும். மாத்திரைய மேடையில வச்சு எங்கிட்ட குடுத்துரு."

ஞாயிற்றுக்கிழமை அருவியில் வெள்ளம். போலீஸ் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டுவிட்டது. தலைவர் அசரவில்லை, விழாவைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார். எண்ணெய் சொட்டச் சொட்ட நின்ற இசக்கிராஜாவை, மண்டியிலிருந்து இரவல் வாங்கிவந்த எடைமேடையில் ஏற்றினார்கள். தொண்ணூற்று நாலு.

"பாத்தியளா! இம்புட்டும் மாத்திரை போட்ட கொழுப்பு!" என்று மைக்கில் முழங்கிய தலைவர், மாத்திரை அட்டையை வாங்கத் தாம்பாளத்தை நீட்டினார்.

கூட்டத்திலிருந்து மஞ்சு கேட்டாள்: "அண்ணாச்சி, அந்தச் சத்தம் திரும்பி வந்துச்சுன்னா இவுகள உங்க வீட்டுல கொண்டுவந்து விடட்டா?"

"பொம்பளையளுக்கு விஞ்ஞானம் புரியாதும்மா."

இசக்கிராஜா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர், "அண்ணாச்சி, அவன் தோள்ல கைபோட்டு ஒண்ணு எடுப்போம்" என்றார். படம் என்றால் தலைவருக்குக் கண்மண் தெரியாது. தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு எடைமேடையிலேயே ஏறிவிட்டார்.

சிவப்பு எண்கள் ஓடி, இருநூறில் நின்றன.

எடைமேடையைக் கண்டால் கணக்குப் பார்க்காமல் இருக்க மார்க்கெட்காரனால் முடியாது. "நம்மது போக நூத்தியாறு," என்றான் இசக்கிராஜா. பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டான்: "அண்ணாச்சி, நீங்க என்ன மாத்திரை போடுதிய?"

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் அருவிச் சத்தம் கேட்கவில்லை. "எனக்கு அது வாயு," என்று தலைவர் விளக்கியதும் மைக்கில்தான் போயிற்று. இசக்கிராஜா அட்டையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு இறங்கினான்.

அடுத்த வாரம் மஞ்சு அவனைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய், எடை ஏறுவதைச் சொன்னாள். எடையை அவ்வளவாக ஏற்றாத மாத்திரையும் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தார் அவர். "மூணு வருஷமா இத நீங்க சொல்லவே இல்லையேம்மா" என்று வருத்தப்படவும் செய்தார்.

அவருடைய அறையிலும் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. அதன்மேல் ஒரு பூந்தொட்டி இருந்தது.