அண்ணன் கையெழுத்து

பிரேசிலின் எல்லை ஊரான லிவ்ரமென்ட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சுல்மிரா மூன்று இரவாகக் கண்மூடவில்லை. வெள்ளிக்கிழமை, ஒரு மணி நேரப் பாடத்துக்கு வந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு, மேய்ச்சல் வெளிகளைத் தாண்டி நூறு கிலோமீட்டர் போய், வழியெல்லாம் பாடி, பொழுது சாயத்தான் திரும்பினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே இறங்கினாள். அவளுடைய அம்மா போன் செய்தது சுல்மிராவுக்கு அல்ல, சுல்மிராவின் அண்ணன் அடெல்மாருக்கு.

திங்கள் காலை வாசலில் வெள்ளை வேன் வந்து நின்றது. இரண்டு தடியர்கள் இறங்கினார்கள். பின்னாலேயே அண்ணன், கையில் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு காகிதத்தோடு.

அந்த மாதிரி வேனில்தான் நான்கு வருடத்துக்கு முன் அவளை ஏற்றிப்போனார்கள். தனியார் மனநல விடுதியில் முப்பத்தெட்டு நாள். முதல் ஐந்து நாள் கட்டிலோடு கட்டிவைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் அவள் செய்த முதல் காரியம், சட்டத்தைத் தேடிப் படித்தது. பிரேசிலில் வீட்டார் கேட்டு, மருத்துவர் ஒருவர் எழுதிக்கொடுத்தால், சம்மதம் இல்லாமலே சேர்த்துவிடலாம். அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மூன்று நாளுக்குள் தகவல் போனால் சரி. எட்டுத் தெரு தள்ளி, உருகுவேயில், அண்ணன் கேட்டான் என்பது மட்டும் செல்லாது. பெரிய ஆபத்து இருக்கிறதென்று மருத்துவர்களே பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வருடமே உருகுவே பக்கத்து ஊரான ரிவேராவுக்குப் போய் எட்செவெரி என்ற பெண் மருத்துவரைப் பிடித்துக்கொண்டாள். சுல்மிராவிடம் இரண்டு நாட்டு அடையாள அட்டையும் இருந்தது.

அட்டைகள் இருந்த பையை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பின்வாசல் வழியாக இறங்கினாள்.

ஓடவில்லை. ஓடினால் பைத்தியம் என்பார்கள். விறுவிறுவென்று நடந்தாள். வேன் சந்தைத் தெருவில் அவளைப் பிடித்தது, பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது.

“அக்கா, ஒரே ஒரு ஊசி, அவ்வளவுதான்,” என்றான் ஒருவன் ஜன்னல் வழியாக.

“உங்க ஆத்தாளுக்குப் போடு!”

எல்லைப் பூங்காவில் வேலியும் கிடையாது, கதவும் கிடையாது. சுல்மிரா புல்தரையைக் கடந்து, உருகுவே பக்கத்துப் பெஞ்சில், மாத்தேத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தடியர்கள் இருவரும் அண்ணனும் அங்கேயும் வந்துவிட்டார்கள்.

“தொட்டுப் பாரு!” என்று கத்தினாள். “அந்தப் பக்கம் தொட்டா வைத்தியம். இந்தப் பக்கம் தொட்டா ஆள் கடத்தல். தொடுடா!”

ஆட்கள் கூடிவிட்டார்கள். போலீஸ்காரர் மாத்தேயைக் கீழே வைத்துவிட்டு, அடெல்மாரிடமிருந்து காகிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

“இது அந்தப் பக்கத்துக் காகிதம். இங்க இதை வெச்சு விசிறிக்கலாம்,” என்றார். கூட்டம் சிரித்தது. தடியர்கள் வேனுக்குத் திரும்பினார்கள்.

அடெல்மார் மட்டும் நின்றான். வியர்த்து வழிந்தது.

“சந்தி சிரிக்குது, சுல்மி. வா வீட்டுக்கு.”

“வேனைக் கூட்டிட்டு வந்தது யாரு, நானா?”

“நூறு கிலோமீட்டர் போயிருக்க! அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா? உனக்கு உடம்பு சரியில்லைன்னு உனக்கே தெரியலையேம்மா.”

“தெரியும்ணே. உனக்கு முன்னாடியே தெரியும். எங்க படுக்கணும், யார்கிட்ட மருந்து வாங்கணும்னு நான் சொல்றேன். அது உன் கையெழுத்துல இல்ல.”

எழுந்து ரிவேரா ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தாள். அவன் இருபது அடி தள்ளியே பின்னால் வந்தான்.

மருத்துவர் எட்செவெரி நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சுல்மிரா பாதிநேரம் எழுந்து நின்று பேசினாள். இரண்டு முறை அழுதாள்.

“தங்குறீங்களா?”

“தங்குறேன். கட்டக் கூடாது. மருந்து பேரைச் சொல்லிட்டுக் கொடுக்கணும்.”

“சரி. இங்க கையெழுத்துப் போடுங்க.”

பேனாவை வாங்கினாள். பெயர் முழுவதையும் எழுதினாள். வாசலில் நின்ற அடெல்மாரிடம் யாரும் எதையும் நீட்டவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மாற்றுத்துணி கொண்டுவரப் போனான்.

பதினோரு நாள் கழித்து அவள் வெளியே வந்தாள். ரிவேராவிலேயே வீடு பார்த்துக்கொள், அதுதான் பத்திரம் என்றார்கள் தோழிகள்.

“ஏன்? என் வீடு அங்க இருக்கு. நான் எதுக்கு இடம் மாறணும்? அவங்க மாறட்டும்.”

முதலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் அரசு வழக்கறிஞருக்குப் புகார் எழுதினாள். இந்த முறை தன் முகத்தையே பார்க்காமல், பழைய கோப்பைப் பார்த்துச் சீட்டு எழுதிய லிவ்ரமென்ட் மருத்துவர் மேல்.

“என் பேரும் இருக்கா?” என்றான் அடெல்மார்.

“இருக்கு.”

“உன்னைக் காப்பாத்தணும்னுதானே…”

“அதையும் எழுதியிருக்கேன்.”

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “மறுபடி தூக்கம் போச்சுன்னா நான் என்னதான் செய்யறது?”

“என்கிட்ட கேளு. மாட்டேன்னா மறுபடி கேளு. அந்த டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணு.”

“அப்பவும் மாட்டேன்னா?”

“அது எனக்கும் தெரியாதுண்ணே,” என்றாள்.

விசாரணை நாளில் அவன் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். எழுத்தர் புகாரை வாங்கி வாசிக்கப் போனார். “நானே வாசிக்கிறேன்,” என்று சுல்மிரா எழுந்தாள். மருத்துவர் பெயரை வாசித்தாள், விடுதியின் பெயரை வாசித்தாள். அண்ணன் பெயர் வந்தபோதும் குரலைத் தணிக்கவில்லை. அடெல்மார் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் எழுந்து போகவில்லை. அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.