பொது வேண்டுதல்

கிறிஸ்தவத்தையும் இஸ்லாத்தையும் பேசிப் பேசியே ஒன்றுபடுத்திவிட முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று ஆண்டுதோறும் தீர்மானம் போட்டுவந்தது நல்லிணக்க உரையாடல் குழு. தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். தும்மினாலும் தீர்மானம் போடுவார் என்பதால் 'தீர்மானம்' என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. அவர் இரண்டு மதத்தையும் சேராதவர். ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்பதில் அவருக்கு மட்டும் துளி சந்தேகமும் இருந்ததில்லை.

குழுவின் மாபெரும் சாதனை, பாஸ்டரும் இமாமும் சேர்ந்து எழுதிய பொது வேண்டுதல். ஜெபம் என்றால் இமாமின் ஆட்களுக்கு உறுத்தும், துஆ என்றால் பாஸ்டரின் ஆட்களுக்கு. அதனால் வேண்டுதல். பாஸ்டர் தன் ஜெபம் ஒவ்வொன்றையும் முடிக்கிற இயேசுவின் பெயரை விட்டுக்கொடுத்தார். இமாம் அல்லாஹ் என்ற சொல்லை விட்டுக்கொடுத்தார். ஆளாளுக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்ததுபோக மிஞ்சியது இவ்வளவுதான்: "அனைத்தையும் படைத்துக் காக்கும் பரம்பொருளே, எல்லோருக்கும் நன்மை உண்டாகட்டும்." தன் வீட்டில் அழுகை வந்த நாளில் பரம்பொருளே என்று கூப்பிட்டவர் அந்த இருவரில் ஒருவருமில்லை. அதனால்தான் அந்தச் சொல்லில் சண்டை வரவில்லை. முதன்முறை மேடையில் வாசித்தபோது கூட்டம் கை தட்டியது. கடவுளிடம் கேட்டதற்கு மனிதர்கள் கை தட்டுகிறார்களே என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் நிஜம். எழுதுகிற சாக்கில் இருவரும் உண்மையாகவே நண்பர்களாகிவிட்டார்கள். இமாமின் மனைவி பாஸ்டரை அண்ணே என்று கூப்பிடுவார்.

அந்த அம்மாவுக்குத்தான் இதயத்தில் வால்வு மாற்ற வேண்டியிருந்தது. அறுவை நாளன்று விடிந்ததுமே பாஸ்டர் மருத்துவமனைக்குப் போய்விட்டார். அறுவை அரங்கத்துக்கு வெளியே, சக்கரக் கட்டிலில் பச்சைத் துணி போர்த்திப் படுத்திருந்தார் அந்த அம்மா. பக்கத்தில் இமாம் ஓதி முடித்து, மனைவியின் நெற்றியில் கை வைத்திருந்தார். பாஸ்டரைப் பார்த்ததும் அந்த அம்மா கையை அசைத்துக் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க பையன் காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தப்ப நாங்க பாக்க வந்தோமே. கட்டில் காலப் புடிச்சுக்கிட்டு நீங்க ஆண்டவர்கிட்ட கேட்டீங்க. சண்ட போட்ட மாதிரி. எனக்கும் அப்படிக் கேளுங்க. ரொம்பப் பயமா இருக்கு."

பாஸ்டர் இமாமைப் பார்த்தார். "அவ கேக்கிறா. கேளுங்க பாஸ்டர்" என்றார் இமாம்.

பாஸ்டர் கண்ணை மூடினார். வாய் வரைக்கும் அந்தப் பெயர் வந்தது. ஆனால் மூடுமுன் கடைசியாகக் கண்ணில் பட்டது இமாமின் தொப்பி. நண்பரின் எதிரிலேயே, நண்பரின் மனைவிக்கு, எப்படி? இத்தனை வருடக் கூட்டங்களில் பழகிய நாக்கு, யார் காலையும் மிதிக்காத வழியில் தானாகவே நழுவிப் போயிற்று. அனைத்தையும் படைத்துக் காக்கும் பரம்பொருளே என்றார். எல்லோருக்கும் நன்மை உண்டாகட்டும் என்றார். நிறுத்தினார்.

அந்த அம்மா இன்னும் கண்ணை மூடியபடியே இருந்தார். மீதிக்காகக் காத்திருந்தார். ஒன்றும் வராதபோது கண்ணைத் திறந்தார்.

"அவ்வளவுதானாண்ணே?"

அதற்குள் செவிலியர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கதவு இரண்டு தரம் ஆடி நின்றது.

காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். இமாம் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார், பாஸ்டருக்குச் சர்க்கரை இல்லாமல். திட்டியிருந்தால் தேவலை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ்டர் கூனிக் குறுகிப் போனார். ஞாயிறுதோறும் தைரியத்தைப் பற்றிப் பேசுகிற வாய். உயிருக்குப் பயந்து ஒருத்தி அப்பம் கேட்டாள், இவர் அச்சடித்த அழைப்பிதழை நீட்டிவிட்டு வந்திருக்கிறார். உள்ளே மயக்க மருந்து ஏறும்போது அவள் காதில் கடைசியாக நின்றது எதுவாக இருக்கும்?

இந்த நேரம் பார்த்துத் தீர்மானம் போனில் வந்தார். நலம் விசாரித்தார். வேண்டுதல் சொன்னீர்களா என்று கேட்டார். பாஸ்டர் ஆமாம் என்று சொல்லித் தொலைத்ததும் தீர்மானத்துக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. அறுவை அரங்கத்தின் வாசலில் பொது வேண்டுதல், ஆகா, இதை அடுத்த மாநாட்டில் சொல்லியே ஆகவேண்டும், படம் எடுத்தீர்களா என்றார். பாஸ்டர் போனை அணைத்துவிட்டார்.

"ஹஜ்ரத், உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான்..." என்று இமாமிடம் தொடங்கினார்.

"தெரியும்" என்றார் இமாம். "என் மனசப் பாத்தீங்க. அவ பயத்தப் பாக்கல."

பாஸ்டர் டீயைக் கீழே வைத்தார். "அந்தப் பேரச் சொல்லாம எனக்குக் கேக்கவே தெரியாது ஹஜ்ரத். மேடையில சொன்னதெல்லாம் கேட்டதே இல்ல. உங்ககிட்ட மறச்சுட்டேன்."

"அந்தப் பேருல கேக்கிறது தப்புன்னுதான் நான் இன்னிக்கும் நம்பறேன். நானும் உங்ககிட்டச் சொன்னதில்ல."

"அப்புறம் ஏன் கேளுங்கன்னீங்க?"

"தப்பா கேட்டாலும் நெசமா கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அதற்குமேல் இருவரும் அடக்கிய குரலில் சண்டை பிடித்துக்கொண்டார்கள். சிலுவையில் நடந்ததா நடக்கவில்லையா, மகன் என்றால் என்ன, ஒருவன் என்றால் என்ன. மேடையில் பூசி மெழுகிய அத்தனையும் வெளியே வந்தது. யாரும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர் நாற்காலிக்காரர், அண்ணன் தம்பி சொத்துத் தகராறு என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார். பேச்சு ஓய்ந்தபோது பாஸ்டர் தரையைப் பார்த்தபடி, இப்போது கேட்கலாமா என்றார். கேளுங்கள் என்றார் இமாம். பாஸ்டர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டார். இமாம் ஆமீன் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

மதியத்துக்குப் பிறகு டாக்டர் வந்து, வால்வு வேலை செய்கிறது, ஆபத்து தாண்டியாயிற்று என்றார். இமாம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டருக்கும் மூச்சு வந்தது. ஆனால் அவள் பிழைத்தது இவரை மன்னித்ததாகாது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தனியாகத்தான் போனாள்.

"முழிச்சதும் என்னத்தான் கேப்பாங்க. என்ன சொல்றது?"

"உள்ளதச் சொல்லுங்க. நான் உங்களுக்காகப் பேச மாட்டேன்."

மயக்கம் தெளியாத அந்த அம்மாவின் கட்டிலருகே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. இமாம் அதை பாஸ்டர் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். அவள் கண் திறந்தால் முதலில் தெரிகிற இடத்தில், பாஸ்டர் உட்கார்ந்தார்.