நான்கு துரு வளையங்கள்

மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து வரப்போவதாகப் பாவனை காட்டிக்கொண்டிருந்த மழை இன்னும் வந்தபாடில்லை. குளியலறைத் தரையில் முட்டி போட்டு, பாதியாக நறுக்கிய எலுமிச்சம்பழத்தில் கல்லுப்பைத் தொட்டு, பெரியவள் முதல் வளையத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வளையங்கள் நான்கு. அப்பா உட்கார்ந்து குளிப்பதற்காக இரண்டு வருடங்களாக அங்கே போட்டிருந்த இரும்பு நாற்காலியின் கால்கள் விட்டுப்போனவை. கால்களின் அடியிலிருந்த ரப்பர் எப்போதோ தேய்ந்துபோக, துரு வெள்ளைத் தரையில் இறங்கிவிட்டது. பத்து நாட்களுக்கு முன் அவர் எழுந்து நடப்பது நின்றது. நாற்காலியைத் தூக்கிப் பரணில் போட்டபோதுதான் வளையங்கள் கண்ணில் பட்டன.

அப்பா முன்னறையில் படுத்திருந்தார். ஆக்ஸிஜன் இயந்திரம் அவருக்காகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில், உப்பு ஜாடிக்கு அடியில், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் காலையில் வைத்துவிட்டுப் போன தாள் இருந்தது. மூச்சு தடைப்பட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் செருக வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று எழுதித் தரும் தாள். மூத்த பிள்ளை கையெழுத்திட வேண்டும். இன்னொரு பிள்ளை சாட்சி.

“ஆறு மணிக்கு வர்றேன். அதுக்குள்ள முடிவு பண்ணிருங்க. கையெழுத்து இல்லன்னா நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுத்தான் ஆகணும். எங்க ரூல் அப்படி,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பெரியவள் பத்திர அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது தாள்களைச் சரிபார்த்து ஒப்பமிடுகிறவள். இந்த ஒரு தாளை மூன்று முறை படித்துவிட்டாள். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது.

“என்ன... சத்தம்?” முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“துருவைத் தேய்க்கிறேன்பா.”

“தேய்க்காத.” ஒரு மூச்சு இடைவெளி. “ஊற வை.”

முப்பத்தோரு வருடம் ஒரு தங்கும் விடுதியின் பதினெட்டுக் குளியலறைகளைக் கழுவியவர். எந்தக் கறையைக் காட்டினாலும் ‘ஊறட்டும்’ என்பார்; அதனால் உடன் வேலை பார்த்தவர்கள் அவருக்கு ஊறலார் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாழ்நாளில் அவர் அவசரப்பட்டது ஒரே ஒரு முறை. சுகாதார அதிகாரி வரப்போகிறார் என்று மேலாளர் விரட்டியதில், கதவைச் சாத்திக்கொண்டு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அதிகாரி அன்றைக்கு வரவேயில்லை. நுரையீரல் அன்றோடு அரைகுறையாயிற்று. அதற்குப் பிறகு ஆசிட் என்பது இந்த வீட்டு வாசற்படி தாண்டியதில்லை. மஞ்சள் படிந்தால் சமையல் சோடா, உப்புநீர் திட்டுக்கு வினிகர், துருவுக்கு எலுமிச்சையும் உப்பும். சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் மட்டும் சிரிப்பார். ‘ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு ஓஞ்சு போகும். கறை ஓரமா நின்னு வேடிக்கை பாக்கும்.’

அவள் பழைய வெள்ளை வேட்டியை நான்காகக் கிழித்தாள். வளையங்களின் மேல் உப்பைக் குவித்து, சாற்றைப் பிழிந்து, ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் மூடினாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேறு வேலை இல்லாதபோது அந்தத் தாள் நினைவுக்கு வந்தது.

மூன்றரை மணிக்குத் தம்பி வந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். விரல் இடுக்கில் கிரீஸ் போவதில்லை. கையில் ஒரு பை. பையைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

“டேய், உள்ள என்ன, ஆசிட்டா?”

“கத்தாதக்கா. அடுத்த தெருக் கடையில வாங்கினேன். அஞ்சு நிமிஷத்துல பளிச்சுனு ஆயிரும்.”

“எதுக்கு இவ்வளவு அவசரம்?”

“ஜனங்க வருவாங்கல்ல.”

“யார் வர்றாங்க?”

அவன் பையைத் தரையில் இறக்கி வைத்தான்.

“மூச்சு இருக்கறப்பவே ஆளுங்க வர்றதுக்கு வீட்டைக் கழுவறியா?”

“நீ மட்டும் மத்தியானத்துலேருந்து என்ன பண்ணிட்டிருக்க?”

இருவர் பார்வையும் குளியலறைத் தரைக்குப் போயிற்று. கறை படிந்த குளியலறையை நாலு பேர் வந்து பார்த்தால் அப்பாவுக்கு எவ்வளவு அவமானம் என்பது இருவருக்குமே தெரியும்.

“தாளைப் படிச்சியா?” என்றாள்.

“படிச்சேன். என்னால முடியாதுக்கா. ஆள் உள்ள மாட்டிக்கிட்டா கதவைப் பேத்தாவது வெளிய எடுக்கறதுதான் எனக்குத் தெரியும். ஆளை உள்ள விட்டுட்டு வெளிய சும்மா நின்னது கிடையாது. ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிருவோம்.”

“அவர் வேண்டாங்கறார்.”

“அவர் எப்ப எதை வேணும்னு கேட்டிருக்கார்?”

அவள் பஞ்சை எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு உதட்டை நனைக்கப் போனாள். பஞ்சை நனைத்து அவர் வாயோரம் வைத்தபோது அவர் கண்ணைத் திறக்கவில்லை. மார்புக்கூடு ஏறி, எங்கே இறங்குவதென்று தெரியாததுபோல் நின்று, பிறகு இறங்கியது. அவள் எண்ணிப் பார்க்கத் தொடங்கி, எண்ண வேண்டாமென்று நிறுத்திக்கொண்டாள்.

அப்போது அப்பாவின் மூக்கு அசைந்தது.

அவளுக்கு ஒரு வாசனையும் வரவில்லை. இயந்திரத்தின் குழாய் மூக்கில் இருக்க, அவருக்கு எப்படி வந்ததோ.

“யாரு... மூடியத் தொறந்தது?”

அவள் ஓடினாள். தம்பி குளியலறை வாசலில் புட்டியைக் கையில் பிடித்தபடி உறைந்து நின்றான். மூடியை ஒரு சுற்றுதான் திருகியிருந்தான். கேட்ட மாத்திரத்தில் இறுக்கி மூடினான். மூடிய பிறகும் இறுக்கிக்கொண்டே இருந்தான். புட்டியைக் கொண்டுபோய்த் தெருக்கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, திருட்டில் பிடிபட்டவன்போல் அப்பாவின் காலடியில் வந்து நின்றான்.

“நான்தாம்பா.”

“தெரியும்.” அப்பா கண்ணைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லையும் மேட்டில் ஏற்றிக் கொண்டுவருவதுபோல் பேசினார். “அங்க... மூணு வேளையும்... இதைத்தான் ஊத்துவான். தரையெல்லாம்.”

“எங்கப்பா?”

“ஆஸ்பத்திரில.”

சற்றுப் பொறுத்து, “பெரியவளே, ஊறுதா?” என்றார்.

“ஊறுதுப்பா.”

“சரி.”

தம்பி சமையலறைக்குப் போனான். உப்பு ஜாடியை நகர்த்தும் ஓசை கேட்டது. அவள் போனபோது தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“சாட்சி முதல்ல போடக் கூடாதுல்ல?”

“கூடாது.”

“அப்ப நீ போடு.”

அவள் போட்டாள். பேனா ஒரு முறைகூடத் தயங்கவில்லை. நாற்பது தாள்களின் பழக்கம். நேரம் என்றிருந்த கட்டத்தில் 4.50 என்று எழுதினாள். அவன் கீழே தன் பெயரை எழுதினான். கட்டைவிரல் பட்ட இடத்தில் கிரீஸ் அப்பிக்கொண்டது. துடைக்கப் போனவனைத் தடுத்தாள்.

“விடு. தேய்ச்சா பரவும்.”

அப்பா போனது ஐந்து இருபத்தைந்துக்கு. இருவரும் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆனாலும் உடனே தெரியவில்லை. இயந்திரம் தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தம்பிதான் குனிந்து சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தான். அடைத்துக்கொண்ட காது திறந்தாற்போல், தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்துவது கேட்டது.

நர்ஸ் ஆறு மணிக்குச் சரியாக வந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள், கண்ணில் வெளிச்சம் அடித்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எப்ப?”

தம்பி நேரத்தைச் சொன்னான். அவள் தலையசைத்து, போர்வையைக் கழுத்துவரை நேராக இழுத்துவிட்டாள்.

“கை கழுவிக்கறேன்.” குளியலறை வாசலில் நின்றுவிட்டாள். “என்னங்க இது, தரையில துணி?”

“ஊறிட்டிருக்கு. மிதிக்காம ஓரமாப் போங்க,” என்றாள் பெரியவள்.

நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு, நான்கு துணிகளையும் சுற்றி, நுனிக்காலில் போய் வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்:

“அந்தத் தாள்... இனிமே அதுக்கு அவசியம் இல்லைங்க.”

“முடிவு பண்ணிட்டோம்.”

பெரியவள் ஜாடியைத் தூக்கித் தாளை எடுத்தாள். அதன் மேல் கிடந்த உப்புக் கற்கள் இரண்டை ஊதினாள். துணிகள் காயாதபடி அடிக்கடி நனைத்துக்கொண்டிருந்த அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஈரம் பட்டுவிடாமல், ஓரத்தைப் பிடித்து நீட்டினாள். நர்ஸ் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.