மூன்று அங்குலக் குதிரை

அந்தக் குதிரையைப் பெற்றவன் நான்தான். பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று அளக்க மாட்டேன். எட்டு நிமிடத்தில் பெற்றேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பகல் பதினொரு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். செய்தி குறைந்து பத்தியின் அடியில் இடம் காலியாகக் கிடந்தால், அச்சுக்கோக்கும் அறையின் ஃபோர்மேன் படிக்கட்டின் கீழே நின்று "மூணு அங்குலம்!" என்று கத்துவார். எதிர்ச்சாரி மருந்துக்கடையில் பாட்டில்கள் இடம் மாறும், அப்படி ஒரு குரல். உடனே நான் பழைய இதழ்கள் இருக்கும் பீரோவைத் திறந்து, 'நூறாண்டுகளுக்கு முன் இன்று' என்ற தலைப்பில் எதையாவது பார்த்து எழுதிக் கொடுப்பேன். அன்றைக்குப் பீரோச் சாவி, பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்த நூலகரின் சட்டைப்பையில் இருந்தது.

ஃபோர்மேன் மூன்றாவது முறையும் கத்திவிட்டார். 'பெரிய போரின்போது தளபதியின் குதிரை நம் முச்சந்தியில் நின்று தண்ணீர் குடித்தது' என்று எழுதினேன். இரண்டு அங்குலம்தான் வந்தது. மூன்று தொட்டியை ஒரே மூச்சில் காலி செய்தது என்று சேர்த்ததும் சரியாக உட்கார்ந்தது. ஏன் முச்சந்தி? எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மாமனாரின் சைக்கிள் கடை அங்கேதான் இருந்தது. அந்த நாட்களில் எதை யோசித்தாலும் அந்தத் தெருவில்தான் போய் நிற்பேன்.

குதிரை முப்பத்தெட்டு ஆண்டுகள் சாதுவாக இருந்தது. பிறகு ஒரு பேராசிரியர் அதைப் பழைய இதழிலிருந்து எடுத்துத் தன் புத்தகத்தில் கட்டினார். புத்தகத்திலிருந்து பத்திரிகைக்கு ஓடியது, அங்கிருந்து தொலைக்காட்சிக்குத் தாவியது. தளபதி வென்று திரும்பும்போது குதிரை குடித்தது என்றது ஒரு கட்சி. தோற்று ஓடும்போது குடித்தது என்றது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்குத் தலை நிமிர்ந்த குதிரைச் சிலை வேண்டும், மற்றதற்குத் தலை குனிந்தது. இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம், சிலை வர வேண்டுமானால் அந்தச் சைக்கிள் கடை போக வேண்டும் என்பது.

கடை இப்போது என் மச்சினனுடையது. ஒரு காலை, நகராட்சி நோட்டீசைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தான், பதினஞ்சு நாள்ல காலி பண்ணணுமாம். எனக்குச் சைக்கிளைத் தவிர என்ன தெரியும்? நீங்க அந்தப் பேப்பர்லதானே இருந்தீங்க? அந்தக் குதிரை நிஜமா?"

"குதிரை நிஜமில்லடா. நான்தான் எழுதினேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி வெளியே வந்தாள்.

"என்னங்க, எங்கப்பா கடை வாசல்லதான் உங்க குதிரைக்குத் தாகம் எடுத்துச்சா?"

"உன் ஞாபகமா எழுதினேன்."

"நல்லா வந்து வாய்ச்சீங்க! என் ஞாபகமா ஒரு புடவை எடுத்திருந்தா என் தம்பி இன்னிக்கு நடுத்தெருவுல நிப்பானா? போய் டிவியில சொல்லிட்டு வாங்க."

இப்படியாக ஒரு பன்னிரண்டு மணி விவாதத்தில் போய் மாட்டினேன். மாட்டினேன் என்பது வெறும் பேச்சில்லை. சட்டைக்குள் ஒயரை விட்டு, முதுகில் ஒரு பெட்டியைச் சொருகி, நாற்காலியோடு சேர்த்து என்னைப் பார்சல் கட்டினார்கள். ஜன்னல் கிடையாது. கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் தீப்பிடித்தாலும் திறக்கக் கூடாதாம். எனக்கு இடப்பக்கம் நிமிர்ந்த கட்சி, வலப்பக்கம் குனிந்த கட்சி, எதிரே பேராசிரியர். பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மச்சினன், நோட்டீசும் கையுமாக.

"ஐயா, அந்தக் குதிரை கற்பனை. இடத்தை நிரப்ப நான் எழுதினது" என்றேன்.

பேராசிரியர் ஒரு நகலை உயர்த்திக் காட்டினார். "அச்சுல இருக்கே!"

"அச்சுல வந்ததே என்னாலதான்."

"அப்படின்னு அச்சுல இருக்கா?"

எப்படி இருக்கும்? மூன்று அங்குலத்துக்கெல்லாம் யார் பெயர் போடுவார்கள்? ஃபோர்மேன் செத்துப் பல வருஷம். நூலகர் அதற்கும் முன்பே.

"இவரு அவங்க ஆளு" என்று இடப்பக்கம் கத்தியது. "இவரு உங்க ஆளுதான்யா" என்று வலப்பக்கம். "யார் தூண்டி இப்படிப் பேசறீங்க?" என்று நெறியாளர். ஏழு முறை உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குதிரை கொழுத்தது. எழுந்து போகலாம் என்று பார்த்தால் ஒயர் பிடித்து இழுத்தது. கண்ணாடிக்கு அப்பால் மச்சினன் நோட்டீசை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். தோற்றுப்போனவன் மடிக்கிற மடிப்பு அது.

எனக்குள் ஃபோர்மேன் கத்தினார். மூணு அங்குலம்!

"சரி, மறைச்சதைச் சொல்லிடறேன்" என்றேன். இரண்டு கட்சியும் என் பக்கம் சாய்ந்தன. "குதிரை தண்ணி குடிக்க மட்டும் நிக்கல. லாடம் கழண்டுபோச்சு. அடிச்சுக் கொடுத்தது அந்தக் கடைக்காரனோட கொள்ளுத்தாத்தா. அதே இடம். கடையை இடிச்சா வரலாற்றையே இடிச்ச மாதிரி."

உண்மைக்குக் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைத்தது. இடமும் வலமும் சேர்ந்து தலையாட்டின. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "இது எனக்கு முன்னாடியே தெரியும். அடுத்த பதிப்புல வருது" என்றார்.

கடை பிழைத்தது. ஒரே வாரத்தில் 'பாதுகாக்கப்பட்ட இடம்' என்று பலகை நட்டு, சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்கள். உள்ளே ஓர் ஆணி அடிக்கக் கூடாது, ஆணி பிடுங்கவும் கூடாது. சைக்கிள் கயிற்றைத் தாண்டக் கூடாது. மச்சினன் நடைபாதையில் குந்தி பஞ்சர் ஒட்டுகிறான். அவன் லாடம் அடித்தவரின் வாரிசாம்; வருகிறவர்களெல்லாம் அவனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடையை விற்கவும் முடியாது, வேறு ஆளிடம் விடவும் முடியாது. வாரிசு பகலெல்லாம் அங்கேயே இருக்க வேண்டுமாம். நானும் மாதம் ஒரு முறை போய் லாடக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு சொல் மாறினால் பேராசிரியர் திருத்துகிறார்.

நேற்று மழை. இன்று காலை மச்சினன் சொட்டச் சொட்ட வந்தான்.

"அத்தான், கூரை ஒழுகுது. நாலு தகரம் மாத்தணும். மாத்தினா பிடிச்சு உள்ள வெச்சிடுவாங்களாம்."

"அதுக்கு நான் என்னடா பண்ண?"

அவன் அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "லாடம் அடிக்கும்போது குதிரை கூரையை உதைச்சுதுன்னு சொல்லுங்களேன். அப்போலேர்ந்து வருஷா வருஷம் தகரம் மாத்தறதுதான் அந்தக் கடை வழக்கம்னு."

"டேய், குதிரை எங்கயாவது கூரையை உதைக்குமா?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "மூணு தொட்டி தண்ணி குடிச்ச குதிரை உதைக்காதா? கிளம்புங்க."

சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறேன். முன்னங்காலா பின்னங்காலா என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு மாற்றவே விட மாட்டார்கள்.