மேல போயிட்டாங்க

கடைசி மூன்று மாதம் சுப்பிரமணியின் கைப்பேசி அவர் பெயரில் இருந்ததே தவிர, அதை ஆண்டது மருமகள் ஷோபாதான். தொடுதிரை அவர் விரலுக்கு மசியாது. இருபத்தேழு வருஷம் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைத்த விரல். எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கண்ணாடி அதை ஒரு விரலாகவே மதிக்காது. கப்பலில் வேலை பார்க்கும் மகள் சங்கமித்ரா அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களை அவர் காதில் வைப்பதும், அவர் மூச்சு வாங்க வாங்கப் பேசுவதைப் பதிந்து அனுப்புவதும் ஷோபாவின் பொறுப்பு. உலை கொதித்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி, டிங் என்று சத்தம் வந்தால் கிழவர் கூப்பிட்டுவிடுவார்.

"ஷோபா, கப்பல் வந்துடுச்சி பாரு."

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் ஒரு வீட்டுக்குள் கப்பல் வருவதென்றால் அப்படித்தான் வரும். ஒவ்வொரு மெசேஜும் ஒரே வார்த்தையில் ஆரம்பிக்கும்: "நைனா, மேல வந்துட்டேன்."

சங்கமித்ராவின் படுக்கை கப்பலின் அடிவயிற்றில், கடல் மட்டத்துக்கும் கீழே. அவள் கூட்டிப் பெருக்கிக் கட்டில் விரிக்கும் பதினாறு அறைகள் ஏழு மாடி உயரத்தில். எழுந்து மேலே போனதும் அப்பாவுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் 'மேல' என்ற சொல்லுக்கு அப்படியொரு மரியாதை இருந்தது. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமி அதிர்ந்தால், அவள் அம்மா சுலோச்சனா செருப்புக்கூடப் போடாமல் சுரங்க வாயான ஷாஃப்டுக்கு ஓடி, எதிரே வருகிறவனையெல்லாம் நிறுத்திக் கேட்டது அந்த ஒன்றைத்தான். மேல வந்துட்டாரா? மேல வந்துவிட்டால் உயிர் இருக்கிறது, சோறு இருக்கிறது, சண்டை போடப் புருஷன் இருக்கிறான் என்று அர்த்தம். சுலோச்சனா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. சொல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

ஷோபா ஆண்டர்சன்பேட்டை பஜார் பெண். அப்பா தங்கவேலுக்குத் தையல் கடை. ஷாஃப்டைத் தூரத்தில் நின்று பார்த்த குடும்பம். கதிரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இந்த பௌத்த வீட்டுக்கு வந்த புதிதில், ஏதோ பேச்சில் "மேல இருக்கறவன் பாத்துக்குவான் மாமா" என்று சொல்லிவிட்டாள். மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மேல யாரும்மா கீறாங்க? நாங்க கீழ இருந்தப்போ மேல ஆபீசருங்கதான் இருந்தாங்க. அவுங்க எங்க பாத்துக்கினாங்க?"

கப்பல் நியூசிலாந்தை விட்டு சிலிக்குப் புறப்பட்டது. நடுவில் பன்னிரண்டு நாள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கிடையாது. மூன்றாம் நாள் கடல் தன் குணத்தைக் காட்டியது.

"நைனா, மேல வந்துட்டேன். நேத்திலிருந்து கப்பல் ஆடற ஆட்டம் சொல்லி மாளாது. என் ரூமுக்கு ஜன்னல் கெடையாதா, அலைய கண்ணால பாக்கல, காதாலதான் பாத்தேன். டமார்னு ஒரு அடி. அப்பறம் இரும்பெல்லாம் நடுங்குது. கைப்பிடி கம்பியில வரிசையா வாந்தி கவர் சொருகி வெச்சிக்கிறோம். லிஃப்ட நிறுத்திட்டாங்க. துணி மூட்டைய தூக்கிக்கினு ஏழு மாடியும் படியிலதான். ஒரு வெள்ளக்காரம்மா என் கைய புடிச்சிக்கினு, முழுகிடுவமா முழுகிடுவமான்னு கேக்குது. இல்ல மேடம்னு சொல்லிக்கினே தரைய தொடைக்கறேன். படுத்தா உருண்டு விழறேன் நைனா. மெத்த ஓரத்துக்கு அடியில லைஃப் ஜாக்கெட்ட சொருகி, செவுத்துக்கு நடுவுல என்னயும் சொருகிக்கினு தூங்கறேன்."

சுப்பிரமணி அதை இரண்டு தடவை கேட்டார். பிறகு ஷோபா போனை வாயருகே பிடித்தாள். சுரங்கத் தூசி தின்று மிச்சம் வைத்த நுரையீரலில் காற்றைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"வெறப்பா நிக்காத... சொரங்கத்துல கேஜு எறங்கறப்போ... வயிறு தொண்டைக்கு வரும். முட்டிய... மடக்கி நில்லு. அது ஆடறப்போ... நீயும் ஆடு."

அதுதான் அவர் மகளிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் மூச்சு பிடிபடவில்லை. கோலார் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கீழ்த்தளத்தில் ஐசியூ, மாடியில் வார்டு. ஷோபா சங்கமித்ராவுக்கு அப்படியே எழுதினாள்: "மாமாவ கீழ ஐசியூல வெச்சிருக்காங்க. தேறினா மேல வார்டுக்கு மாத்துவாங்களாம்."

அரை நாள் கழித்துப் பதில் வந்தது. குரலுக்குப் பின்னால் எங்கேயோ தட்டுகள் உடைந்துகொண்டிருந்தன.

"அண்ணி, சிலில நான் எறங்கிடறேன். சூப்பர்வைசர் கிட்ட எழுதி குடுத்துட்டேன். நைனாவ நான் பாத்தே ஆவணும். அதுவரைக்கும் அவர எப்டியாவது புடிச்சி வெச்சிக்கோங்க அண்ணி."

பிடித்து வைக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு சுப்பிரமணி இறந்துபோனார்.

கதிர் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "சங்காவுக்கு நீயே போட்டுடு ஷோபா. என்னால ஆவாது" என்றான். ஷோபா மாடிப்படிக்குக் கீழே நின்றபடி எழுதினாள்.

"மாமா காலையில மேல போயிட்டாங்க. நீ கவலப்படாத சங்கா. நாங்க இருக்கோம்."

ஷோபாவின் பிறந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் 'செத்துப்போனது' கிடையாது. அவள் அம்மா ரத்தினம்மாவின் வாயில் அந்தச் சொல் வரவே வராது. மேல போயிட்டாங்க என்றுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்லுவாள். துக்க நேரத்தில் மனிதனுக்குத் தன் தாய் பேசிய பேச்சுதானே வரும்? மாமனாருக்குக் குறைவில்லாத மரியாதை கொடுத்துவிட்டதாகவே ஷோபா நினைத்தாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உடம்புக்குக் காவலாகப் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே வெள்ளைத் துணி போர்த்தி, பஞ்சசீலம் சொல்லி, எடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை வீடு நிறைய சனம். டீ போட்டு முடித்து, பின்கட்டில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, சங்கமித்ராவின் பதில் வந்திருந்த போனை ஷோபா காதில் வைத்தாள். அழுகையைக் கேட்கத் தயாராக இருந்தாள். கேட்டது சிரிப்பு.

"அண்ணீ! மேல போயிட்டாரா! ஐயோ, இப்பத்தான் மெசேஜ் வந்துச்சி. எனக்குத் தெரியும், நைனாவ ஒண்ணும் அசைக்க முடியாது. இங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். கிச்சன்ல கெஞ்சி ஒரு கேக்கு வாங்கினேன். வெட்டலாம்னு கத்திய வெச்சா, கப்பல் சாஞ்சி, கேக்கு மேச மேல வழுக்கிக்கினு போவுது. நாலு பேரு தொரத்திப் புடிச்சி, செவுத்த புடிச்சிக்கினு நின்னுக்கினே தின்னோம். நைனா, நீயும் வார்டுல நல்லா சாப்புடணும், இன்னா?"

ஷோபா தான் எழுதியதைத் திரும்பப் படித்தாள். ஒரு எழுத்து பிசகில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்ணின் கண்ணால் படித்தபோது, அதில் சாவே இல்லை. மாடி வார்டு இருந்தது, ஷாஃப்டிலிருந்து ஏறி வந்த அப்பா இருந்தார். பாழாய்ப்போன ஒரே ஒரு சொல்! பத்து வீதி தாண்டினால் அதற்குப் பொருளே வேறு என்று யாருக்குத் தோன்றும்?

கதிரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள். அவன் கேக் வழுக்கிய இடத்தில் தன்னை மறந்து சிரித்தான். பிறகு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

"எங்க வூட்ல மேலன்னா வேற ஷோபா."

"தெரியும். நாலு வருசமா கேக்கறேனே. அந்த நேரத்துல தோணலீங்க. இப்பவே சொல்லிடலாமா?"

"வேணாம். இன்னும் ஏழு நாளைக்குக் கரை கெடையாது. அந்தப் புயல்ல அது தனியா கெடந்து அழுமா? யாரு தேத்துவாங்க? கரைக்கு வரட்டும். நானே சொல்றேன்."

ஆண்பிள்ளை சுலபமாகச் சொல்லிவிட்டான். மெசேஜ் வருவது ஷோபாவிடம் அல்லவா? கேட்காமல் வைத்தால், நைனா ஏன் கேட்கவில்லை என்று அங்கே அவள் தவித்துப்போவாள். கேட்டால், அந்தச் சின்ன மைக் படம் நீலமாகிவிடும். கப்பலில் அவள் அதைப் பார்த்துவிட்டு, நைனா கேட்டுவிட்டார் என்று நிம்மதியாக மாப்பைக் கையில் எடுப்பாள். வாயைத் திறக்காமலே பொய் சொல்ல ஒரு வழி இருக்கிறதென்று ஷோபா அந்த வாரம்தான் தெரிந்துகொண்டாள்.

வியாழன் காலை ஒன்று: "நைனா, மேல வந்துட்டேன். நேத்து பாட்டு மேடையில பியானோவ கயிறு போட்டு கட்டினாங்க. இன்னிக்கு காலைல பாத்தா பியானோ அங்கயே கீது, பாட்டுக்காரன்தான் படுத்துட்டான்." நீலம். வெள்ளி மத்தியானம் ஒன்று: "மூணு நாளா சூடா சோறு கெடையாது நைனா. அடுப்பு பத்த வெக்க விடல. ரொட்டிதான்." நீலம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வார்த்தை எழுதிவைப்பாள். தூங்கறாங்க. டாக்டர் பேச வேணாம்னுட்டார். எழுதிய கையை அடுப்பில் வைக்கலாமா என்றிருக்கும்.

சனிக்கிழமை கதிர் லீவு முடிந்து, விடிகாலை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அன்று மத்தியானம் வந்தது அந்த மெசேஜ்.

"அண்ணி, கடலு அடங்கிடுச்சி. ஒரு சேதி. ரெண்டு பொண்ணுங்க கீழ விழுந்து கை கால ஒடச்சிக்கினாங்க, ஆளு பத்தல. சூப்பர்வைசர் கூப்ட்டு, உங்கப்பாதான் தேறிட்டாரே, இன்னும் நாலு மாசம் இருந்துட்டுப் போயேன்னு கேட்டாரு. சரின்னு தோணுது. நாளைக்குப் பத்து மணிக்கு கையெழுத்து. ஆனா நைனா வாயால கேக்காம போட மாட்டேன். இருடீன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க அண்ணி. ஒரே ஒரு வார்த்த."

ஷோபா அதை நீலமாக்கிவிட்டு, இன்னொரு தடவை கேட்டாள். பேசாமல் இருந்தால் அவள் பேச்சை எதிர்பார்த்துக் காத்திருப்பாள். இன்னொரு பொய் எழுதினால் நாலு மாசம் கழித்து, இனிப்புப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்று நைனா என்று கூப்பிடுவாள். கதிருக்குப் போட்டாள். வீடு திரும்பும் ரயிலில் சிக்னல் இல்லை. அவன் திட்டட்டும், அடிக்கக்கூட அடிக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டாள். தான் சொன்ன சொல்லைத் தான்தானே திருப்பி வாங்க வேண்டும்?

இங்கே விளக்கு வைக்கும் நேரம், அங்கே விடிந்துவிட்டிருக்கும். வீடியோ காலில் கூப்பிட்டாள். ஏழாவது தடவை கிடைத்தது. சங்கமித்ரா சீருடையில் திறந்த தளத்தில் நின்றிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. பின்னால் கடல் தகதகவென்று கிடந்தது.

"அண்ணி! பாருங்க, பேத்தமங்களா ஏரி கணக்கா கீது. இதுவா அந்த ஆட்டம் ஆடுச்சின்னு கேப்பீங்க. நைனா முழிச்சிக்கினு கீறாரா? போன அவர் கிட்ட குடுங்க."

"சங்கா, எதையாவது புடிச்சிக்கோ."

"இப்ப ஆடல அண்ணி. இன்னா?"

"மாமா செத்துட்டாரு சங்கா."

ஒரு பெரியவரைப் பற்றி அந்தச் சொல்லை ஷோபா சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. நாக்கு சுட்டது.

"இல்லியே. மேல போயிட்டாருன்னு நீங்கதானே..." என்று சங்கமித்ரா ஆரம்பித்தாள். பாதியில் நின்றாள். சொல் அவளுக்குள் புரண்டு படுப்பதை ஷோபா திரையிலேயே பார்த்தாள். பார்க்கக்கூடாத காட்சி அது.

"எப்போ?"

"செவ்வாக்கெழம காலைல."

"அன்னிக்குத்தான் கேக்கு தின்னேன்."

"என்னய திட்டிடு சங்கா. நான்தான் அப்டி எழுதிட்டேன். எங்க வூட்ல அப்டிதான் சொல்லுவாங்க. வேணும்னு பண்ணல."

சங்கமித்ரா திட்டவில்லை. திட்டியிருந்தால் ஷோபாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்ப நான் அனுப்பினதெல்லாம் யாரு கேட்டது?"

"நான்தான்."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

"கையெழுத்து போடாத சங்கா. வந்துடு" என்றாள் ஷோபா.

"யாரப் பாக்க அண்ணி?"

"என்னய பாக்க வா. உங்க அண்ணன பாக்க வா." அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆள் அவள் பெயரை அரைகுறையாகக் கூவினான். சங்கமித்ரா திரும்பிப் பார்த்தாள். "ஷிப்டு அண்ணி" என்று சொல்லிவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தாள். போனை ஏப்ரன் பைக்குள் போட்டாள். துண்டிக்க மறந்துவிட்டாள்.

திரை இருட்டாகிவிட்டது. ஷோபாவுக்கும் துண்டிக்க மனம் வரவில்லை. காலடிச் சத்தம், ஒரு இரும்புக் கதவு, தள்ளுவண்டியின் சக்கரம். பிறகு ஒரு அறைக் கதவில் மூன்று தட்டு.

"ஹவுஸ்கீப்பிங்! குட் மார்னிங் மேடம்!"

குரலில் ஒரு கீறல் இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா, இன்றைக்குக் கடல் எவ்வளவு அழகு என்று இங்கிலீஷில் கேட்டாள். ஒரு வயசான அம்மாள் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் போவதாகச் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. வேக்குவம் கிளீனர் ஓட ஆரம்பித்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், நைனா நைனா என்று அவள் வாய்விட்டு அழுவது, கப்பலில் ஒருவருக்கும் கேட்காமல், ஸ்கெலட்டன் லைன் வீட்டில் ஷோபாவுக்கு மட்டும் கேட்டது.