பெரிய எலிகளின் வாசனை

ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருந்தம்மா முகக்கவசத்தை இழுத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். கூட வேலை செய்கிற மச்சான், என் மனைவியின் தம்பி, விலாவில் இடித்தான்.

“போச்சு மாமா. இந்த மருந்தையும் தூக்கிப் போடப்போறாங்க. எலிக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதாம்.”

மருந்தம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். ஈரலில் கொழுப்பு கட்டியவர்களுக்கு மருந்து செய்கிறார். ஒருநாள் நான் கேட்டதற்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். தைராய்டு சுரக்கிற சாவி ஒன்றுதானாம், பூட்டு இரண்டு வகையாம். ஈரலில் இருக்கிற பூட்டு திறந்தால் கொழுப்பு கரையும். நெஞ்சில் இருக்கிற பூட்டு திறந்தால் படபடப்பு வரும். ஈரல் பூட்டுக்கு மட்டும் பொருந்துகிற சாவியைத்தான் வருடக்கணக்காக அராவிக்கொண்டிருக்கிறார். என் மனைவிக்கும் ஈரலில் கொழுப்பு. “உன் எலிங்க தின்னது போக மிச்சம் இருந்தா மடியில கட்டிட்டு வா” என்பாள்.

மச்சான் சொன்னதும் என் கை கூண்டிலேயே நின்றுவிட்டது. மருந்து வாங்குகிற சுண்டெலிகளின் அடுக்கு எனக்கு, ஒப்பிட்டுப் பார்க்க மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் வாங்குகிறவை மச்சானுக்கு. அது நாங்களே செய்துகொண்ட பாகப்பிரிவினை, மருந்தம்மாவுக்குத் தெரியாது. காலையில் நான் பெரிய எலி அறையைக் கூட்டிவிட்டு, அதே அங்கியோடு சுண்டெலிகளிடம் வந்துவிடுவேன். அங்கி மாற்றுவதென்றால் கீழ்த்தளம் இறங்கி ஏறவேண்டும், என் இடுப்பு அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. நான் போனால் சுண்டெலிகள் மூலையில் குவியலாகப் பதுங்கும். மச்சான் போனால் மூக்கை நீட்டிக்கொண்டு வரும். உள்ளே போன மருந்துதான் அப்படிப் பதுங்க வைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

கை துடைத்துக்கொண்டு போய் மருந்தம்மாவிடம் இதைச் சொன்னேன். மச்சான் பின்னாலேயே வந்தான்.

“பெரிய எலி ரூமுக்குப் போன அங்கியோடவா? தினமுமா?”

“ஆமாம்மா.”

“தண்ணி குடுக்கிற எலிங்க கிட்டயும் போவீங்களா?”

“அது இவன் பாத்துக்கிறான்.”

அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

“அப்போ அது பயமா இருக்கலாம். மருந்தா இல்லாம இருக்கலாம். எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும், ஆனா தூக்கிப் போட வேண்டாம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தப்பு என்னோடதுண்ணே. நீங்க படிக்காதவர்னு தெரிஞ்சும் சுண்டெலி ரூம் கதவுல எழுத்துல எழுதி ஒட்டினேன் பாருங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மச்சான் என்னைப் பார்த்தான். போன வருடம் முழுக்க மகளோடு சேர்ந்து பஸ் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். முதல்முறை ஒரு கடைப் பெயரை முழுதாகப் படித்த அன்று இவனுக்குத்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கதவில் இருப்பதையும் தினமும் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ‘பெரிய எலி அறையிலிருந்து வருபவர்கள் அங்கியை மாற்றவும். வாசனைக்குச் சுண்டெலிகள் மிரளும்.’

“அது வந்தும்மா…” என்றேன்.

“விடுங்கண்ணே. மனசுல வச்சுக்காதீங்க. வந்து சொன்னீங்களே, அதுவே போதும்.”

நான் கூண்டுகளிடம் திரும்பி நடந்தேன். மச்சானும் தரையைப் பார்த்தபடி வந்தான்.

மத்தியானம் மருந்தம்மாவே ஒரு படம் வரைந்து எடுத்துவந்தார். பெரிய எலி, ஓர் அங்கி, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. சின்னப் பிள்ளைக்கு வரைவதுபோல எலிக்கு மீசையெல்லாம் போட்டிருந்தார்.

“இப்போ புரியுதாண்ணே?”

“புரியுதும்மா.”

டேப்பை நான்தான் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். படம் எழுத்துகளை ஒவ்வொரு வரியாக மூடிக்கொண்டு இறங்கியது. கொஞ்சம் நீளம் போதவில்லை. அடியில் ‘மிரளும்’ மட்டும் வெளியே நின்றது. எழுத்தைக் கண்டால் தானாக அசைகிற என் உதடுகளைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த துண்டு டேப்பை நீட்டினேன்.