ஏத்தணுமா, இறக்கணுமா?

கணக்கு வாத்தியாருக்கு ஓர் ஆசை வந்தது. ஆசை யாருக்கும் வரலாம், அதில் தப்பில்லை. இவருக்கு அது முப்பத்தைந்து அங்குல டயராக வந்ததுதான் வினை. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி அவருடையது. வாங்கும்போது வந்த டயரிலேயே சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர், "வண்டி ஆள் பெரிசு, கால்தான் சின்னதா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அன்றே மறந்திருப்பார். வாத்தியார் மறக்கவில்லை. மனைவி "வேண்டாங்க" என்று மூன்று முறை சொல்லியும் கேளாமல் டயரை மாற்றிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, நாலு பக்கமும் நின்று பார்த்துப் பூரித்துப்போனார்.

மனைவி பல் டாக்டர். இடம் இடமாகப் போய் வைத்தியம் பார்ப்பதற்கென்று ஒரு டிரெய்லரையே கிளினிக்காக மாற்றி வைத்திருந்தார். உள்ளே சாய்வு நாற்காலி, விளக்கு, கொப்பளித்துத் துப்பத் தொட்டி எல்லாம் உண்டு. அதை இழுப்பதுதான் அந்த வண்டியின் பிழைப்பு. புது டயர் போட்ட மறுநாள் வண்டி அந்த டிரெய்லரோடு மேம்பாலத்தில் பாதி தூரம் ஏறியது, முனகியது, நின்றுவிட்டது. பின்னால் பஸ், லாரி, வேன் என்று ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். வாத்தியார் இறங்கி நடுரோட்டில் நின்று கை காட்ட, டாக்டரம்மா ரிவர்ஸிலேயே கீழே கொண்டுவந்து சேர்த்தார். 

மேம்பாலத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மலைமேல் ஒரு பள்ளிக்கூடம், அதில் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பல் பார்க்கும் வேலைக்காக டாக்டரம்மா இரண்டு வருஷமாகக் கடிதம் மேல் கடிதம் போட்டு, இப்போதுதான் பதில் வந்திருந்தது. "வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரவும். வர இயலாவிட்டால் வேறு மருத்துவரை ஏற்பாடு செய்வோம்." அந்தக் கடிதத்தை அவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். வாத்தியார் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவரை முறைத்தது. டயர் தன்னால் வந்த வினை என்பது அவருக்குத் தெரியும். மனைவி ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

அடுத்த நாளே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினார்கள். அதை நடத்துவது ஒரு புருஷன் பெண்டாட்டி. இருவருமே மெக்கானிக். ஊரே அவர்களை ஸ்பேனர் அண்ணன், ஸ்பேனர் அக்கா என்றுதான் கூப்பிடும்.

"டயர் பெருசாயிருச்சுல்ல சார், இப்ப ஒரு சுத்துக்கு அதிக தூரம் தள்ளணும். எஞ்சினுக்கு மூச்சு முட்டுது" என்றார் அண்ணன். "ஆக்சிலுக்குள்ள இருக்கற கிரவுன் பினியன்ங்கற பல்சக்கர கியர மாத்தினா சரியாயிடும். இப்ப இருக்கறது மூணு எழுபத்திமூணு. அதாவது எஞ்சின்லேர்ந்து வர்ற ஷாஃப்ட் மூணே முக்கால் சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து சுத்தும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டையும் மாத்தணும். எந்த நம்பர் வேணும்னு வீட்ல பேசிட்டு போன் பண்ணுங்க."

வீட்டில் பேசச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

அன்று மாலையே ஆரம்பித்தது. வாத்தியார் படிக்க வேண்டியதையெல்லாம் படித்து, பெருக்கி, வகுத்து, விடையை ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். விடையை எடுத்த எடுப்பில் சொல்வது அவர் தொழில் தர்மத்தில் கிடையாது.

"கியரை இறக்கணும்" என்றார்.

"என்னது, இறக்கணுமா? ஏத்தணுங்க!" என்றார் டாக்டரம்மா.

"ஏத்தினா வண்டி நகராது."

"இறக்கினாதான் நகராது. கொஞ்சமாவது யோசிச்சுப் பேசுங்க."

"நான் இருபத்திரண்டு வருஷமா கணக்கு சொல்லிக் கொடுக்கறேன்."

"நானும் இருபது வருஷமா பல்லைப் பிடுங்கறேன். வாயைத் திறந்தா உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

நாலு நாள் இதே பாட்டு. காபி குடிக்கும்போது ஏத்து, துணி மடிக்கும்போது இறக்கு. கூட இருந்த மாமியார், டாக்டரம்மாவின் அம்மா, இடையில் புகுந்து, "ஏத்தறதோ இறக்கறதோ, முதல்ல அந்த டிவி சத்தத்தை ஏத்துங்க" என்றார். ஐந்தாம் நாள் இருவரும் பேச்சையே விட்டுவிட்டார்கள். வாத்தியார் மொட்டை மாடிக்குப் போய் ஸ்பேனர் அண்ணனுக்குப் போன் போட்டு, "இறக்கிடுங்க" என்றார். அதே நேரம் சமையலறையில் டாக்டரம்மா ஸ்பேனர் அக்காவுக்குப் போன் போட்டு, "ஏத்திடுங்க அக்கா" என்றார்.

மற்ற நாளாயிருந்தால் ஒர்க்‌ஷாப்பில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை கலந்து பேசியிருப்பார்கள். அந்த வாரம் பார்த்து அங்கேயும் பேச்சுவார்த்தை இல்லை. நட்டை அளவாக முறுக்கும் அக்காவின் டார்க் ரெஞ்சை அண்ணன் கேட்காமல் யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டார், அது வளைந்து திரும்பி வந்தது. எப்போதும் பின் ஆக்சில் அண்ணன் வேலை, முன் ஆக்சில் அக்கா வேலை. ஒரே வண்டிக்கு அடியில் ஆளுக்கொரு முனையில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேலையை முடித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வண்டி தயார். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலிருந்த மண் திடலில் டாக்டரம்மா ஓட்டிப் பார்த்தார். ஓடியது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க ஃபோர் வீலைப் போட்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, கட்டையை முறிப்பதுபோல் சத்தம் போட்டு, நின்ற இடத்திலேயே நடுங்கியது. பின்சக்கரம் ஒரு வேகம் கேட்டது, முன்சக்கரம் வேறொன்று கேட்டது.

ஸ்பேனர் அண்ணன் வண்டிக்கு அடியில் புகுந்தார். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பின்பக்கம் ஜாக்கி கொடுத்து, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லி, கோடு சுற்றி வருவதை எண்ணினார். நாலரைக்கு மேல். அதையே முன்பக்கம் செய்தார். மூன்றேகால்.

"சார்," என்றார் வாத்தியாரிடம், "முன்னாடி ஏன் மூணு முப்பத்தொண்ணு போட்டாங்கன்னு அவங்கள கேளுங்க."

"டாக்டரம்மா ஏத்தச் சொன்னாங்கன்னு அவர்ட்ட சொல்லுங்க" என்றார் அக்கா. "எங்க தொழில்ல ஏத்தறதுன்னா நம்பரைக் குறைக்கறது. வேகம் வரும், இழுவை போயிடும். இழுவை வேணும்னா இறக்கணும், இறக்கினா நம்பர் கூடும்."

டாக்டரம்மா குறுக்கே புகுந்தார். "நான் நம்பரைத்தானே ஏத்தச் சொன்னேன்!"

"எந்த நம்பருக்கு?" என்றார் வாத்தியார். ஒரு வாரத்தில் அவர் மனைவியிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

"நாலு அம்பத்தாறு."

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, நாலு மடிப்பையும் பிரித்து நீட்டினார். கட்டம் கட்டி, அடியில் இரண்டு கோடு போட்டு, 4.56 என்று எழுதியிருந்தது.

"இதை முதல் நாளே காட்டியிருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. "திங்கட்கிழமைங்க. நாளை மறுநாள்."

முன்பக்கத்துக்கு வேறு பினியன் வர வியாழனாகும். வாத்தியாருக்கு அப்படியே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. கடைசியில் ஸ்பேனர் அக்கா முன் ஷாஃப்டையே கழற்றி ஓரமாக வைத்தார். "பின்சக்கரம் மட்டும் இழுக்கட்டும். தப்பு எங்க பேர்லயும் இருக்கு. நாங்களும் கூட வர்றோம். அவரையும் வரச் சொல்லுங்க."

திங்கள் காலை புறப்பட்டார்கள். டாக்டரம்மா ஓட்ட, பக்கத்தில் மாமியார். தலை சுற்றும், முன்சீட்டைத் தவிர வேறெங்கும் உட்காரமாட்டார். நடு வரிசையில் ஸ்பேனர் தம்பதிக்கு நடுவில் வாத்தியார், தபால்காரர் வேலையோடு. மேம்பாலம், மலை வளைவுகள், எல்லாவற்றிலும் வண்டி ஜம்மென்று ஏறியது. பள்ளிக்கூடத்துக்குக் கடைசி இருநூறு அடிதான் பாக்கி. அது செம்மண் சரளை, செங்குத்து. பின்சக்கரம் சரளையைப் பறித்து வீசியதே தவிர, வண்டி அசையவில்லை. மணி எட்டு ஐம்பது.

"பின்னாடி பாரம் வேணும்" என்றார் அண்ணன். "எல்லாரும் கடைசி சீட்டுக்குப் போங்க!"

எல்லாரும் என்றால் மாமியாரும்தான். டாக்டரம்மா கடிகாரத்தையும் மேலே பள்ளிக்கூட வாசலையும் மாறி மாறிப் பார்ப்பதை வாத்தியார் கவனித்தார். இருபது வருஷத்தில் செய்யத் துணியாததைச் செய்தார்.

"அத்தை, உங்க எடை எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

மாமியார் மருமகனை மேலும் கீழும் பார்த்தார். "வாழ்க்கையில இன்னிக்குத்தான் மாப்பிள்ளை என்னை மதிச்சுப் பேசியிருக்கார்" என்று இறங்கிப் பின்னால் போனார்.

இரண்டு பேர் சீட்டில் நாலு பேர் திணிந்தார்கள். பிள்ளைகளுக்குப் பல் துலக்கிக் காட்ட வைத்திருந்த பூசணிக்காய் அளவுப் பல் பொம்மை வாத்தியார் மடியில். இடமில்லாமல் ஸ்பேனர் அக்கா புருஷன் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "புது ரெஞ்ச் வாங்கித் தரேன்" என்றார் அவர், நேராகவே. "வாங்கித்தான் பாருங்களேன்" என்றார் அக்கா, அவரும் நேராகவே. வாத்தியாருக்குத் தபால் உத்தியோகம் போயிற்று.

சக்கரம் ஒருமுறை வழுக்கியது. பிறகு பிடித்தது. சரளை நொறுங்க, டிரெய்லர் ஆட, அங்குலம் அங்குலமாக ஏறி, எட்டு ஐம்பத்தெட்டுக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது. டாக்டரம்மா ஸ்டியரிங் மேல் தலை சாய்த்து ஒரு நிமிஷம் அழுதார். வாத்தியாரும் பல் பொம்மைக்குப் பின்னால் மறைந்து கொஞ்சம் அழுதார்.

தலைமையாசிரியை ஓடிவந்து கதவைத் திறந்தார். "இவ்வளவு பெரிய டிரெய்லரோட எப்படிம்மா ஏறி வந்தீங்க?"

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் அவர் சொன்னபடி கியரை இறக்கினதாலதான்."

வாத்தியார் உருகிவிட்டார். "அதெல்லாம் இல்ல மேடம். இவ சொன்னபடி ஏத்தினதாலதான்."

"இல்லைங்க, இறக்கினதாலதான்."

"நான்தான் சொல்றேனே, ஏத்தினதாலதான்."

"விட்டுக்கொடுத்தாலும் கேட்கமாட்டீங்களா? இறக்கினதுதான்!"

"நான் விட்டுக்கொடுக்கறது உனக்குத் தெரியலையா? ஏத்தினதுதான்!"

"டாக்டர்," என்றார் தலைமையாசிரியை, "மணி ஒன்பது."

கடைசி சீட்டிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏத்தினீங்களோ இறக்கினீங்களோ, முதல்ல என்னை யாராவது இறக்குங்க!"